அலாஸ்கா அரசு ஃபெர்ரியில் மூன்று நாள்: கேபின் இல்லாமல் தாங்குமா?

கேள்வி இதுதான்: அடுத்த கோடையில் கணவனும் மனைவியுமாக அலாஸ்கா போகத் திட்டம். க்ரூஸ் கப்பலுக்குப் பதிலாக, வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் புறப்படும் அரசு ஃபெர்ரியில் (காரும் ஆளும் ஏற்றும் கப்பல்) அலாஸ்காவின் ஸ்காக்வே ஊர் வரை போகலாமா? மூன்று நாள் அதற்குள் என்ன செய்வது, போரடிக்காதா, கேபின் எடுக்காமல் சமாளிக்க முடியுமா?

தாராளமாகச் சமாளிக்கலாம். போரடிக்குமா என்பது மட்டும் நீங்கள் எதை நினைத்துக்கொண்டு ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 'மலிவான க்ரூஸ்' என்று நினைத்து ஏறினால் முதல் நாள் மாலையே முகம் தொங்கிவிடும். நீச்சல்குளம் கிடையாது, பாட்டுக் கச்சேரி கிடையாது, அறைக்கு வந்து துண்டு மடித்து வைக்க ஆள் கிடையாது. இந்தக் கப்பல்களை நடத்துவது அலாஸ்கா மாநிலப் போக்குவரத்துத் துறை. தென்கிழக்கு அலாஸ்கா முழுக்கத் தீவுகள், பனியாறுகள், செங்குத்து மலைகள். மாநிலத் தலைநகரான ஜூனோவுக்கே வெளியூரிலிருந்து சாலை கிடையாது. விமானத்தில் வர வேண்டும், இல்லையென்றால் கப்பலில். 1959-இல் அலாஸ்கா தனி மாநிலமானது, 1963-இல் மலாஸ்பினா, டாக்கு, மட்டனுஸ்கா என்ற மூன்று கப்பல்களோடு இந்தச் சேவை பெரிய அளவில் தொடங்கியது. அன்று முதல் அந்த ஊர்க்காரர்களுக்கு இது நம் ஊர் அரசுப் பேருந்து மாதிரிதான்: காரை ஏற்றுவார்கள், கட்டில் மெத்தையை ஏற்றுவார்கள், கல்லூரி விடுமுறைக்குப் பிள்ளைகள் இதில்தான் வீடு திரும்புவார்கள். நீங்களும் நானும் அந்தப் பேருந்தில் ஓரமாக இடம் பிடித்து வேடிக்கை பார்க்கும் ஆட்கள். கப்பலுக்குள் நடக்கும் எல்லாவற்றையும் இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

பெல்லிங்ஹாம் துறைமுகம் ஃபேர்ஹேவன் பகுதியில் இருக்கிறது. பக்கத்திலேயே ரயில் நிலையம் என்பதால் சியாட்டிலிலிருந்து கார் இல்லாமல் வந்து சேருவது சுலபம். வழக்கமாக வெள்ளிக்கிழமை மாலை கப்பல் கிளம்பும். கெச்சிக்கான் வரை சுமார் 38 மணி நேரம் எங்கேயும் நிற்காது. அப்புறம் ராங்கெல், பீட்டர்ஸ்பர்க், ஜூனோ, ஹெய்ன்ஸ், கடைசியாக ஸ்காக்வே. திங்கட்கிழமை போய்ச் சேரலாம். நடுவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும்.

இந்தத் தடத்தில் பெரும்பாலும் ஓடுவது 'கொலம்பியா'. 1973-இல் கட்டியது, 418 அடி நீளம், இருப்பதிலேயே பெரியது. அது பழுது பார்க்கப் போனால் 1998-இல் வந்த 'கென்னிக்காட்' ஓடும். இந்த ஃபெர்ரிகளுக்கு அலாஸ்காவில் உள்ள பனியாறுகளின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. முதல் மூன்றில் ஒன்றான 'டாக்கு' அரை நூற்றாண்டு உழைத்துவிட்டு 2018-இல் நம் குஜராத்தின் அலாங் கரையில் உடைபட்டது என்பது பலருக்குத் தெரியாது.

சரி, தூக்கம். உங்கள் கேள்வியின் மையமே அதுதான்.

மேல்தளத்தின் பின்பக்கம் 'சோலாரியம்' என்று ஓர் இடம் உண்டு. மேலே கூரை, பக்கங்களில் கண்ணாடித் தடுப்பு, கப்பலின் வால்பக்கம் முழுக்கத் திறப்பு. கூரையில் வரிசையாக மின் வெப்ப விளக்குகள். அதன் கீழே பிளாஸ்டிக் சாய்வு நாற்காலிகள். கேபின் எடுக்காதவர்களின் தலைமையகம் இது. கப்பலில் கால் வைத்ததும் நடைப்பயணிகள் முதுகுப் பையோடு மாடிப்படியில் ஓடுவதைப் பார்ப்பீர்கள், நீங்களும் ஓடுங்கள். வெப்ப விளக்குக்கு நேர் கீழே ஒரு நாற்காலி கிடைத்துவிட்டால், தூக்கப்பையை விரித்து இடம் பிடித்துக்கொண்டு அப்புறம் நிதானமாகக் கப்பலைச் சுற்றிப் பார்க்கலாம். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, பயணச்சீட்டிலேயே அடங்கியது. குளிர் எப்படி என்றால், மேலே இருந்து வறுக்கும், பின்னால் இருந்து நடுங்க வைக்கும். ஜூலையிலும் நல்ல தூக்கப்பை வேண்டும். கீழே விரிக்க ஒரு பாய் இருந்தால் முதுகு வாழ்த்தும். கண்ணுக்குக் கட்ட ஒரு துணியும் வேண்டும், ஏனென்றால் ஜூன் மாதத்தில் ஜூனோ பக்கம் பகல் பதினெட்டு மணி நேரம். இருட்டு என்று சொல்லும்படி இருப்பது கொஞ்ச நேரம்தான்.

சோலாரியத்துக்கு வெளியே, திறந்த தளத்தில், கூடாரம் போட அனுமதி உண்டு. இரும்புத் தளத்தில் முளை அடிக்க முடியாதே, அதனால் டக்ட் டேப் என்ற பலமான ஒட்டுப்பட்டை போட்டு ஒட்டுவார்கள். கூடாரத்தின் நாலு மூலையையும் கயிறுகளையும் வெள்ளி நிறப் பட்டைகளால் தளத்தோடு ஒட்டி வைத்திருக்கும் காட்சி இந்தப் பயணத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஒரு சுருள் போதாது, இரண்டாகக் கொண்டுபோங்கள். ஈரமான தளத்தில் டேப் பிடிக்காது என்பதால் துடைக்கத் துணியும் தேவை. கப்பல் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. காற்றே அடிக்காத நாளிலும் உங்கள் கூடாரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டேதான் இருக்கும். படபடவென்று துணி அடிக்கும் சத்தத்தில் தூங்க முடியாதவர்கள் கூடாரத்தை மறந்துவிடுவது நல்லது. என் ஓட்டு சோலாரியத்துக்குத்தான்.

உள்ளே, குளிர் படாமல், சாய்வு இருக்கைகள் உள்ள கூடங்கள் இருக்கின்றன. இருக்கையில் சாய்ந்தோ, ஓரமாகத் தரையில் விரித்தோ பலர் தூங்குவார்கள். பொதுக் குளியலறை உண்டு. ஆக, கேபின் இல்லாதவன் அனாதை இல்லை. இருந்தாலும் உங்கள் மனைவிக்கு லேசான தூக்கம் என்றால், அல்லது இருவரில் ஒருவருக்கு முட்டிவலி, முதுகுவலி என்றால், கேபினே எடுத்துவிடுங்கள். இரண்டு அடுக்குப் படுக்கை, சில கேபின்களில் உள்ளேயே கழிப்பறையும் குளியலும். அலங்காரம் எதுவும் இருக்காது, சுத்தமாக இருக்கும். ஜன்னல் வைத்த கேபினுக்கு அதிகம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து. முழித்திருக்கும் நேரத்தில் கேபினில் உட்கார்ந்திருக்கப் போகிறீர்களா என்ன?

பகலில் என்ன செய்வது என்ற கேள்விக்கு வருவோம். முன்பக்கம் பெரிய கண்ணாடிகளோடு ஒரு பார்வைக் கூடம் உண்டு. காலையில் காப்பியோடு அங்கே உட்கார்ந்தால் சில முகங்கள் இரண்டே நாளில் பழகிவிடும். வேலை மாற்றலாகி வீட்டையே வண்டியில் கட்டி ஏற்றி வரும் ராணுவக் குடும்பம், மீன் பதப்படுத்தும் ஆலையில் கோடை வேலைக்குப் போகும் இளைஞர்கள், ஓய்வுபெற்று வீட்டு வண்டியோடு கிளம்பிய தம்பதிகள், மிதிவண்டியோடு ஏறிய யாராவது ஒரு பைத்தியம். பள்ளிக்கூட நாட்களில் ஊருக்கு ஊர் போகும் கூடைப்பந்து அணிகளும் ஏறும். பிள்ளைகள் கூடம் முழுக்கத் தூக்கப்பைகளைப் பரப்பிவிடுவார்கள். க்ரூஸில் எல்லோரும் உங்களைப் போன்ற சுற்றுலாக்காரர்கள். இங்கே பக்கத்து இருக்கைக்காரர் பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புபவராக இருப்பார். அவரிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த முனையில் திமிங்கிலம் வரும், எந்த ஊரில் இறங்கினால் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் கையேட்டில் இருப்பதை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

திமிங்கிலம் என்றதும் ஒன்று. முதுகுயர்ந்த கூனல் திமிங்கிலங்கள் குளிர்காலத்தை ஹவாய்ப் பக்கம் கழித்துவிட்டு, கோடையில் தீனிக்காக இங்கே வருகின்றன. பீட்டர்ஸ்பர்க்கைத் தாண்டியதும் வரும் ஃபிரெடெரிக் சவுண்ட் என்ற கடற்பகுதி அவற்றுக்குப் பேர்போன இடம். பயணத் தொடக்கத்தில், வான்கூவர் தீவை ஒட்டிய ஜான்ஸ்டன் நீரிணையில், ஓர்க்கா என்னும் கறுப்பு வெள்ளைத் திமிங்கிலங்கள். திமிங்கிலம் கண்ணில் பட்டால் மாலுமிகள் ஒலிபெருக்கியில் சொல்வார்கள், எல்லோரும் அந்தப் பக்கக் கம்பிக்கு ஓடுவோம். ஆனால் கப்பல் நிற்காது, திரும்பாது. அதற்கு நேரம் தவறக் கூடாது, அவ்வளவுதான். தொலைநோக்கி இல்லாமல் போனால் பாதிப் பயணம் வீண்.

உணவகம் தட்டேந்தும் வகை. சூப், சாலட், பர்கர், மீன், காலையில் முட்டை, பான்கேக். மோசமில்லை, மூன்று நாள் மூன்று வேளையும் அதையே சாப்பிட்டால் சலிக்கும், செலவும் ஏறும். ஊர்க்காரர்களைப் பாருங்கள்: குளிர்ப்பெட்டி நிறையச் சாப்பாடு கொண்டுவந்து, உணவகத்து மைக்ரோவேவில் சூடாக்கி, அங்கேயே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வெந்நீர் கிடைக்கும், அதனால் உடனடி நூடுல்ஸ், ஓட்ஸ், தேநீர்ப் பை எல்லாம் எடுபடும். காரில் வந்தால் ஒரு எச்சரிக்கை: கப்பல் ஓடும்போது கார் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். சாப்பாட்டுப் பையைக் காரிலேயே விட்டுவிட்டால் அடுத்த துறைமுகம் வரை, இல்லையென்றால் கார் தளத்துக்குப் போகலாம் என்று அறிவிக்கும் அந்தச் சில நிமிடங்கள் வரை, காத்திருக்க வேண்டியதுதான். அந்த அறிவிப்பு முக்கியமாக நாய் வைத்திருப்பவர்களுக்கு. நாய்கள் மேலே வரக் கூடாது, காரிலோ கூண்டிலோதான் இருக்க வேண்டும். கூட்டமாகக் கீழே இறங்கி, வண்டிகளுக்கு நடுவே நாயை நடத்தி, சுத்தம் செய்துவிட்டு மேலே வருவார்கள். இன்னொன்று: கார் அலாரத்தை அணைத்துவிட்டு ஏறுங்கள். கப்பலின் அதிர்வில் அது பாட்டுக்கு அலறும், உங்கள் வண்டி எண்ணைக் கப்பல் முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார்கள்.

இனிப் பாதை. இதைத்தான் நிறையச் சொல்ல ஆசை.

முழுக்க முழுக்க 'உள்வழி' என்று சொல்லும் தீவுகளுக்கு இடைப்பட்ட நீர்ப்பாதை. முதல் இரவில், நீங்கள் தூங்கும்போது, வான்கூவர் தீவின் ஓரமாக ஸீமோர் நேரோஸ் என்ற இடுக்கைக் கடப்பீர்கள். அங்கே நீருக்கடியில் ரிப்பிள் ராக் என்று ஒரு பாறை பல கப்பல்களைக் காவு வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தீவிலிருந்து கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, ஆயிரம் டன்னுக்கு மேல் வெடிமருந்து அடைத்து, 1958 ஏப்ரல் 5 அன்று அதன் தலையைத் தகர்த்தார்கள். அணுகுண்டு அல்லாத மிகப்பெரிய வெடிப்புகளில் அதுவும் ஒன்று. இன்றும் அங்கே நீரோட்டம் ஆற்று வெள்ளம் போலப் பாயும், ஆனால் அடியில் பயமில்லை.

மறுநாள் வான்கூவர் தீவின் வடமுனையைத் தாண்டியதும் குயின் ஷார்லட் சவுண்ட். இங்கே சில மணி நேரம் பக்கத்தில் தீவுகளின் காப்பு கிடையாது, பசிபிக் நேராக வந்து மோதும். வாந்தி வரும் உடம்பு என்றால் மாத்திரையை அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. அதைத் தாண்டினால் மறுபடி குளத்து நீர்தான். கிரென்வில் கால்வாய் வரும்: இரண்டு பக்கமும் மரம் மூடிய மலை, நடுவே அளவெடுத்த மாதிரி நேர் கோடாக நீர், மழை பெய்திருந்தால் இரண்டு பக்கமும் எண்ணி முடியாத அருவிகள். பிறகு டிக்சன் என்ட்ரன்ஸ் என்ற இன்னொரு திறந்த இடம், அதோடு அலாஸ்கா எல்லை.

கெச்சிக்கானில் மழை பெய்தால் குறை சொல்லாதீர்கள், அந்த ஊரில் அது பெய்யாவிட்டால்தான் செய்தி. அந்த மழையில்தான் சுற்றிலும் உள்ள டோங்காஸ் காடு நிற்கிறது, அமெரிக்காவின் மிகப்பெரிய தேசியக் காடு. ராங்கெலில் கப்பல் நிற்கும் கொஞ்ச நேரத்தில் படகுத்துறைக்கு இறங்குங்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் சிறு மேசை போட்டு கார்னெட் என்ற கருஞ்சிவப்புக் கற்கள் விற்றுக்கொண்டிருப்பார்கள். ஸ்டிகீன் ஆற்று முகத்தில் உள்ள அந்தக் கற்பாறையை 1962-இல் பிள்ளைகளின் பயனுக்கென்றே எழுதிவைத்துவிட்டார்கள். குழந்தைகள் தோண்டி எடுத்து அவர்களே விற்கலாம். பேரம் பேசாமல் வாங்குங்கள்.

அதற்கு அடுத்ததுதான் என்னைப் பொறுத்தவரை மொத்தப் பயணத்தின் உச்சம்: ராங்கெல் நேரோஸ். இரண்டு தீவுகளுக்கு நடுவே சுமார் 22 மைல் நீள வாய்க்கால். சில இடங்களில் கப்பல் போகும் தடம் 300 அடி அகலம்தான், நாம் நிற்கும் கப்பலோ 418 அடி நீளம். அறுபதுக்கும் மேற்பட்ட சிவப்பு, பச்சை விளக்குகளும் மிதவைகளும் வழி காட்டும். பெரிய க்ரூஸ் கப்பல்கள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை, வெளியே சுற்றிக்கொண்டு போய்விடும். ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) சரியாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் நம் கப்பலும் நுழையும். தாமதம் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். உள்ளே நுழைந்ததும் வேகம் குறையும், கப்பலின் முன்முனையில் மாலுமிகள் காவல் நிற்பார்கள். ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்குக் கப்பல் இடதும் வலதுமாகத் திரும்பித் திரும்பிப் போகும். கரையில் உள்ள வீடுகளின் திண்ணை தெரியும், அங்கே நின்று கையசைப்பவரின் முகமும் தெரியும். கோடையில் வடக்கு நோக்கிப் போகும்போது இது வழக்கமாக மாலையில் வரும், வெளிச்சம் இருக்கும். இருட்டில் வந்தாலும் அந்தச் சிவப்பு பச்சை வரிசைக்காக முழித்திருப்பது தகும். சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு முன்தளத்தில் நில்லுங்கள். வாய்க்கால் முடியும் இடத்தில் பீட்டர்ஸ்பர்க், நார்வேக்காரர்கள் உருவாக்கிய மீன்பிடி ஊர்.

ஜூனோவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கப்பல் நிற்பது நகரத்தில் இல்லை, ஆக் பே என்ற இடத்தில். நகர மையம் அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். வருகை நேரம் விடியற்காலையாகவோ நள்ளிரவாகவோ இருக்கும். முன்கூட்டியே டாக்ஸி பேசிவைக்காமல் இறங்கினால் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஜூனோவுக்கு வடக்கே லின் கால்வாய், அறுநூறு மீட்டருக்கு மேல் ஆழம், இரண்டு பக்கமும் பனி மூடிய மலைகள், இடையிடையே தொங்கும் பனியாறுகள். பல பேருக்கு இந்தக் கடைசிச் சில மணி நேரம்தான் பிடித்த பகுதி. எனக்கு நேரோஸுக்கு அப்புறம்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், விசாவில் மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பெல்லிங்ஹாமிலிருந்து கெச்சிக்கானுக்குப் போகும்போது கப்பல் கனடா நீர்வழியாகப் போனாலும் கனடாவில் நிற்காது, அதனால் கனடா விசா தேவையில்லை. சியாட்டிலில் கிளம்பும் க்ரூஸ்கள் விக்டோரியாவில் கட்டாயம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்; அவை வெளிநாட்டுக் கொடிக் கப்பல்கள், 1886-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு நடுவே நேராக ஆளேற்றக் கூடாது. அரசு ஃபெர்ரி அமெரிக்கக் கொடிக் கப்பல் என்பதால் அந்தக் கட்டு இல்லை. ஆனால் ஹெய்ன்ஸிலோ ஸ்காக்வேயிலோ இறங்கி சாலை வழியாக எங்கே போனாலும் கொஞ்ச தூரத்திலேயே கனடா எல்லை வந்துவிடும். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கனடா விசாவும், திரும்பி அமெரிக்காவுக்குள் நுழைய பலமுறை நுழைவு விசாவும் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்காக்வேயில் இறங்கி ஊரைச் சுற்றிவிட்டு, ஜூனோவுக்கு அடுத்த ஃபெர்ரியில் திரும்பி, அங்கிருந்து விமானம் பிடியுங்கள்.

முன்பதிவைப் பொறுத்தவரை, கார் இல்லாமல், கேபின் இல்லாமல் போவதென்றால் கடைசி நேரத்திலும் பெரும்பாலும் இடம் கிடைக்கும். காரோ கேபினோ வேண்டுமென்றால் கோடைக்காலத்துக்குப் பல மாதம் முன்பே போட்டுவிட வேண்டும். கப்பல்கள் பழையவை, ஒன்று பழுதானால் ஈடுகட்ட இன்னொன்று எளிதில் கிடைக்காது, அதனால் அட்டவணை மாறும். இறங்கிய அன்றே திரும்பும் விமானத்தைப் போட்டுவைக்காதீர்கள், ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

மூன்று நாளும் ஒரே மூச்சில் வேண்டாம் என்று தோன்றினால் இன்னொரு வழி இருக்கிறது: கெச்சிக்கானுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து ஜூனோ வரை மட்டும் ஃபெர்ரியில் போங்கள். நேரோஸ், கார்னெட் பிள்ளைகள், திமிங்கிலம் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும், சோலாரியத்தில் ஓர் இரவும் கிடைக்கும். நடுவில் ராங்கெலிலோ பீட்டர்ஸ்பர்க்கிலோ இறங்கி இரண்டு நாள் தங்க நினைத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் தனிச்சீட்டு வாங்கிக்கொள்ளலாம். அடுத்த கப்பல் எந்தக் கிழமை என்று பார்த்துவிட்டு இறங்குங்கள், தினமும் வராது.